முக்கால் பங்கு ஓட்டு

வரிசையாகச் சொல்கிறேன் தம்பி. நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. கடனைக் கட்ட முடியவில்லை என்று மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கலாமா, வேண்டாமா? பதில் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் எனக்கு நடந்த ஆறு அநியாயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டித்தான் அந்தப் பதிலுக்கு வர முடியும்.

ஒன்று. எண்பத்து நாலாம் வருஷம். போனஸ் கோரிக்கைத் துண்டறிக்கை. நாலு பக்கம், முழுக்க நான் எழுதியது. அச்சாகி வந்தபோது அடியில் மாவட்டச் செயலாளர் பெயர் இருந்தது. கேட்டேன். "எழுத்து யாருதுங்கிறதா தோழர் முக்கியம்?" என்றார். முக்கியம் இல்லையென்றால் என் பெயரையே போட்டிருக்கலாமே?

இரண்டு. தொண்ணூற்றொன்று. வேதாம்பிகா ஸ்பின்னிங் மில் ஸ்டிரைக். அறுநூற்று இருபது பேர் வெளியே நின்றோம். ஐம்பத்து மூன்றாம் நாள் காலை ஷிப்டுக்கு நாலு பேர் உள்ளே போனார்கள். கருங்காலிகள்.

மூன்று. எழுபத்தோராம் நாள். நான் கேட்டில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்து வந்த தலைவர்கள் பயணியர் மாளிகையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அதைச் சொன்னது ஒரு சைக்கிள்காரர்.

நான்கு. எல்லோரையும் திரும்ப எடுத்தார்கள், ஒன்பது பேரைத் தவிர. அந்த ஒன்பதில் முதல் பெயர் க. செங்கோடன். நான்தான்.

ஐந்து. ஸ்டிரைக் நாளில் அறுநூறு குடும்பத்துக்கு அரிசி வாங்கியது என் கையெழுத்தில். மைக் செட், அச்சுக்கூலி எல்லாம் என் கையெழுத்தில். சங்கம் கொடுக்கும் என்றார்கள். சங்கம் இரண்டாக உடைந்தது. இவர்களைக் கேட்டால் அவர்களைக் கேள் என்றார்கள். அவர்களைக் கேட்டால் நீ யார் பக்கம், முதலில் அதைச் சொல் என்றார்கள்.

ஆறு. பதினோரு வருஷம் லேபர் கோர்ட்டில் நின்று வேலையைத் திரும்ப வாங்கினேன். மூன்றாம் மாதம் மில்லையே மூடிவிட்டார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சொல்லும்போது எனக்கும் சிரிப்பு வருகிறது.

மணி என்ன? பத்தே முக்காலா? பதினொன்றுக்குக் கோர்ட்டுக்குள் கூப்பிடுவார்கள். கொஞ்சம் உரக்கப் பேசுங்கள் தம்பி, இந்தக் காது மந்தம். மில்லில் நின்றவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான். நூல் நூற்கிற ரிங் பிரேம் மெஷின் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்பவனிடம்கூட வாயசைவை வைத்துத்தான் பேச முடியும். அங்கே பத்து வருஷம் நின்றால் காது பாதி. முப்பது வருஷம் நின்றால் காதே இல்லை.

அந்தப் புங்கமரத்தைப் பார்க்காதீர்கள். அந்த மரத்தடியில் மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு ஒரு வயதானவர் உட்கார்ந்திருக்கிறார் இல்லையா, அவரைப் பார்க்க வேண்டாம் என்கிறேன். பார்த்தால் நான் சொல்லித்தான் பார்க்கிறீர்கள் என்று நினைப்பார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்னிடம் நீங்கள் கேட்டதைத்தான் நான் வக்கீலம்மாவிடம் கேட்டேன். இலவசச் சட்ட உதவியில் இருக்கிறார், மெகருன்னிசா என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறையில் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள், 'சமரசத் தீர்வு மையம்' என்று. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "ஏனுங்க ஐயா, உள்ள வாங்க" என்றார். "இந்தப் பலகைக்குக் கீழே நான் உட்கார மாட்டேன். சமரசம் செய்தவர்களை எதிர்த்து நோட்டீஸ் போட்டே வயதானவன்" என்றேன். அந்தப் பெண் நாற்காலியை வராந்தாவில் எடுத்துப் போட்டு, "இங்க பலகை இல்லீங்க, உக்காருங்க" என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இவர் சாமானியம் இல்லை என்று.

என் கடன் என்ன என்று கேட்டார். நான் ஏற்கெனவே எழுதி எடுத்துப் போயிருந்தேன். தெளிவாக, எண் போட்டு. படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, 'உழைப்பவன் ரத்தத்தை உறிஞ்சும் வட்டி அட்டை பொன்னுரங்கம்' அப்படின்னு மனுவுல எழுத முடியாதுங்க. பேரு, தொகை, என்னைக்கு வாங்குனீங்க, அவ்வளவுதான்." அட்டை என்பதை எடுத்துவிடுகிறேன் என்றேன். எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்றார்.

அவர் கேட்டது மூன்று கேள்வி. உங்களுக்கும் அதே மூன்றுதான், கவனமாகக் கேளுங்கள். இந்தக் கடனுக்கு ஈடாக ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? வீட்டுப் பத்திரம், நகை, தறி என்று அடமானம் வைத்து வாங்கியது எதுவும் இதில் சேராது. அடமானக்காரன் தன் பிடியை விட மாட்டான், அவன் கணக்கு தனி. வெறும் நோட்டிலும் வாய்ச் சொல்லிலும் வாங்கிய கடனுக்குத்தான் இந்த வழி. உங்கள் தறி பேங்கில் அடமானம் என்றீர்களே, அது வெளியே. இரண்டாவது, மாதா மாதம் தவறாமல் ஏதாவது கையில் வருமா? ஒன்றுமே வராதவனுக்குத் தவணை ஏற்பாடு எதற்கு? நடுவில் நின்றால் எல்லாம் போச்சு. மூன்றாவது, யாரையும் விடாமல் எல்லாக் கடன்காரர் பெயரையும் சொல்வீர்களா? ஒரே ஒருத்தர் கடன் என்றால் நேரில் போய்ப் பேசிக்கொள்ளலாம், கோர்ட் வேண்டாம். பல பேர் என்றால் எல்லோரும் ஒரே பட்டியலில் வர வேண்டும். சொந்தக்காரன், சினேகிதன், வாங்கி மறந்தது, வெட்கப்பட்டு மறைத்தது, எல்லாம்.

"வெக்கப்பட்டு மறைக்கறதுதாங்க ஐயா நெறைய" என்றார். எனக்கு அப்படி எதுவும் கிடையாது என்றேன்.

என் கணக்கு இது. பைனான்ஸ் கம்பெனியில் வாங்கியது, என் சம்சாரத்தின் ஆபரேஷனுக்கு. கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று. அச்சகம் பழனிவேலுக்கு, நோட்டீஸ் அடித்த பாக்கி. மைக் செட் துரைசாமிக்கு. கூட வேலை பார்த்த ஒருவரிடம் கைமாற்று. இந்த ஐந்தும் சேர்த்து இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். இந்த ஐந்துக்கும் வட்டி கட்டுவதற்காகப் பொன்னுரங்கத்திடம் வாங்கியது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஆக மொத்தம் நாலு லட்சத்து இரண்டாயிரம். வருமானம், எனக்கு ஒரு நூல் குடோனில் வாட்ச்மேன் வேலை, அப்புறம் பி.எஃப். பென்ஷன். பென்ஷன் தொகையை மட்டும் கேட்காதீர்கள், அது ஏழாவது அநியாயம்.

வக்கீலம்மா சொன்னார், திவால் மனு போடலாம், ஆனால் வெறும் திவாலாக வேண்டாம், மனுவோடு ஒரு ஏற்பாடு வைக்கலாம் என்று. ரூபாய்க்கு ஐம்பது பைசா. ஐம்பது மாதத்துக்குச் சற்றுக் கூட, மாதம் நாலாயிரம். கடன்காரர்கள் ஒப்புக்கொண்டு கோர்ட்டும் ஏற்றுக்கொண்டால் அதோடு முடிந்தது, வீட்டு வாசலுக்கு ஒருவரும் வர முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் திவால் தீர்ப்பு. கோர்ட் நியமிக்கிற ரிசீவர் வருவார், வீட்டை ஏலம் போடுவார். ஒன்றரை சென்ட் வீடு தம்பி. ஆனால் மெயின் ரோட்டுப் பக்கம். பொன்னுரங்கத்துக்கு அந்த வீட்டின் மேல் ஐந்து வருஷமாகக் கண்.

எப்படி ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டேன். ஓட்டுப் போடுவார்கள் என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓட்டா? கூட்டம் உண்டா? தீர்மானம் உண்டா? உண்டு என்றார். எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். "ஆறில் ஐந்து என் பக்கம். வெற்றி" என்றேன். "பொறுங்க ஐயா" என்றார். "வந்திருக்கிறவங்களோட கடன் தொகையிலயும் முக்கால் பங்கு ஆதரவா இருக்கணும்."

பாருங்கள் அநியாயத்தை. ஆளுக்கு ஒரு ஓட்டு இல்லை, பணத்துக்கு ஓட்டு! யார் எழுதிய சட்டம் என்று கேட்டேன். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் என்றார். அதுதானே பார்த்தேன் என்றேன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டு என் பக்கம் தள்ளினார். நாலு லட்சத்து இரண்டாயிரத்தில் முக்கால் என்றால் மூன்று லட்சத்து ஆயிரத்து ஐந்நூறு. என் பக்கம் இருப்பது இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு குறைகிறது.

பொன்னுரங்கத்தை வரவழைத்துப் பேசிப் பார்த்தார். அவன் வந்து, காலை ஆட்டிக்கொண்டே, "ஏனுங் செங்கோடண்ணே, ஊருக்கெல்லாம் நாயம் பேசுன வாயி. ரூவாய்க்கு எட்டணாத் தர்றேங்கறதுக்குக் கூச்சமா இல்லீங்களா? வூட்ட எனக்கே கிரயம் பண்ணிட்டு நிம்மதியா இருங்க" என்றான். அவனுக்கு நான் சொன்ன பதிலை இந்தக் கோர்ட் வளாகத்தில் வைத்துச் சொல்ல முடியாது.

அதோ, வெள்ளைக் கார், அதுதான் அவன். ஏ.சி. போட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். இறங்கினால் வெயில் படுமாம்.

உட்காருங்கள். நான் நிற்கிறேன், எனக்கு உட்கார முடியவில்லை.

பொன்னுரங்கம் போன பிறகு வக்கீலம்மா கேட்டார், "வேற யாரையாவது விட்டுட்டீங்களாங்க ஐயா? நல்லா யோசிச்சுப் பாருங்க." அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அரிசிக்கடை நாச்சிமுத்து. ஸ்டிரைக் அரிசிக்கு அவருக்கு நான் எழுதிக் கொடுத்த புரோநோட்டு, முப்பத்தெட்டாயிரம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், நோட்டு மூன்று வருஷம்தான் செல்லும். அதற்குள் பத்து ரூபாயாவது கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால் திரும்ப மூன்று வருஷம் உயிர். கடன் வாங்கியவர்கள் பலர் அந்தத் தேதி வந்தால் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். நான் அப்படி இல்லை. தொண்ணூற்று நாலில் நாச்சிமுத்து வந்தார், போட்டேன். தொண்ணூற்றேழில் வந்தார், போட்டேன். இரண்டாயிரத்தில் வந்தார், போட்டேன். அடுத்த முறை வரவில்லை. நானாகப் போய்க் கேட்கவுமில்லை. என் மேல் இருந்த மரியாதையில் விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பலரிடம் சொல்லியும் இருக்கிறேன், மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். ஒரு வணிகன்கூட நம் போராட்டத்தின் நியாயத்துக்குத் தலைவணங்கினான் என்று.

அதைப் பட்டியலில் சேர்த்தால் கணக்கு நேராகுமே என்று அரிசிக்கடைக்குப் போனேன். நாச்சிமுத்து இறந்துவிட்டார். மகன் இருந்தான், சௌந்தரராசன். "உன் அப்பாவுக்கு நான் கடன்காரன். நோட்டை எடு" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"அது தீந்து இருவது வருசமாச்சுங்களே."

"யார் தீர்த்தது?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அய்யாவு கட்டுனாருங்க."

அய்யாவு. இரண்டாவது அநியாயம் சொன்னேனே, ஐம்பத்து மூன்றாம் நாள் உள்ளே போன நாலு பேர். அதில் ஒருத்தர்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் கேட் மீட்டிங். அறுநூறு பேர், அவர்கள் சம்சாரம் பிள்ளைகள் எல்லாரும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கருங்காலிகளின் பெயரைப் படிப்பது எங்கள் வழக்கம். பெயர், வேலை செய்கிற பகுதி, டோக்கன் எண். வேறு ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது. திட்டக் கூடாது. அது என் ஏற்பாடு தம்பி, நான் கொண்டுவந்த ஒழுங்கு. கரண்ட் இல்லாமல் மைக் நின்றுவிட்டது. நான் வாயாலேயே படித்தேன். கடைசி வரிசைவரை கேட்டது. அப்படிப்பட்ட குரல் அன்றைக்கு.

மற்ற மூன்று பேரும் ஒரே வாரத்தில் வெளியே வந்து கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார்கள். கை தட்டி ஏற்றுக்கொண்டோம். அய்யாவு வரவில்லை. காரணம் இருந்தது என்று அப்புறம் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மூளைக்கு ஏறிவிட்டதோ என்னவோ. காரணம் எல்லோருக்கும்தான் இருந்தது. என் வீட்டில் இல்லையா?

அப்புறம் ஊரில் அவருக்குச் சவரம் செய்யவில்லை, டீ கொடுக்கவில்லை என்று சொல்வார்கள். நான் யாரிடமும் அப்படிச் சொல்லவில்லை. தொண்ணூற்றெட்டில் அவர் மகள் கல்யாணம். ஐந்நூறு பேருக்குச் சமைத்து வைத்திருந்தாராம். நாற்பது பேர் வந்தார்களாம். போகாதே என்று நான் ஒருவரையும் தடுக்கவில்லை. அது தொழிலாளர்களின் கட்டுப்பாடு. அதற்கு நான் பெருமைப்பட்டேன் என்பது உண்மை. நோட்டீசில்கூட ஒரு வரி எழுதினேன். பெயர் போடாமல்தான் எழுதினேன். எல்லோருக்கும் புரிந்தது.

லேபர் கோர்ட் தீர்ப்பு வந்து திரும்ப மில்லுக்குப் போனேனே, அந்த மூன்று மாதமும் நானும் அவரும் ஒரே ஷிப்டு. ஒரே குழாயில் தண்ணீர் குடித்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஒருநாள் டம்ளரைக் கழுவி என் பக்கம் வைத்தார். நான் கையாலேயே குடித்தேன்.

சௌந்தரராசன் சொன்னான், சனிக்கிழமைதோறும் அறுபது ரூபாய். ஸ்டிரைக் முடிந்த வாரத்திலிருந்து பன்னிரண்டு வருஷம். தனி நோட்டுப் புத்தகத்தில் வரவு வைத்திருக்கிறார்கள், யாருக்கும் தெரியக் கூடாது என்று அய்யாவு கேட்டுக்கொண்டதால். மில் மூடிய பிறகு மண்டியில் மூட்டை தூக்கிக் கட்டியிருக்கிறார். கடைசியில் நாச்சிமுத்து என் புரோநோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"ஏன் கட்டினான்?" என்று கேட்டேன். கட்டினான் என்றுதான் கேட்டேன், அன்றைக்கு வாயில் அப்படித்தான் வந்தது.

"எங்கப்பாவும் கேட்டிருக்காருங்க. 'அம்பத்திரண்டு நாளு எங்கூட்டுலயும் அந்த அரிசிதாங்க வெந்துது' அப்படின்னாராமுங்க. 'உங்க பங்கு மட்டும் குடுத்தாப் போதாதா'ன்னு எங்கப்பா கேக்க, 'எம்பங்கு எவ்வளவுன்னு யாரு பிரிச்சுச் சொல்லுவா'ன்னாராம்."

வீட்டுக்கு வந்தேன். என் சம்சாரம் பாவாயி புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எதுங்க?"

"அய்யாவு அரிசிக்கடன் கட்டுனது."

"தெரியுமுங்க. சனிக்கெழம சாமான் வாங்கப் போறப்பக் கடையில நிப்பாரு. என்னையக் கண்டாத் தலையக் குனிஞ்சுக்குவாரு."

"இத்தன வருசமா ஏண்டி சொல்லல?"

"சொன்னா நோட்டீசு அடிச்சிருப்பீங்க."

இவ்வளவுதான் சொன்னாள். புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள்.

எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. கோபம் தம்பி. யார் கேட்டார்கள் அவரை? என் பெயரில் இருந்த கடனை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள அவருக்கு என்ன உரிமை? நான் அறுநூறு பேருக்காக வாங்கிய கடன் அது. அதைத் தூக்கி நிற்பது என்னுடைய வேலை. பன்னிரண்டு வருஷம் நான் தூக்கி நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்ததை இன்னொருத்தர் தூக்கிக்கொண்டிருந்தார். இது எந்த எண்ணில் சேரும்? இரண்டாவது அநியாயத்தை எடுத்துவிட்டால் மூன்றாவது இரண்டாவதாகும். எல்லாம் நகர வேண்டியிருக்கும். முப்பது வருஷமாகச் சொல்லி வந்த வரிசை. இப்போது உங்களிடம் சொல்லும்போதும் பழைய வரிசையிலேயே சொல்லிவிட்டேன், பார்த்தீர்களா.

வக்கீலம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் உடனே கணக்குப் போடவில்லை. முதலில், "இது நெசமான கடனாங்க ஐயா?" என்று கேட்டார். "ஓட்டுக்காக ஒரு ஆளச் சேக்கறதா இருந்தா நான் தொடமாட்டேன். பொன்னுரங்கம் வக்கீல் கேப்பாரு. அய்யாவு யாரு, அவரு எதுக்கு உங்க கடனக் கட்டுனாருன்னு. சத்தியம் பண்ணிட்டு நீங்கதான் சொல்லோணும். எல்லாரு முன்னாலயும்."

அவர் மேலும் சொன்னார். கேட்காமல் ஒருவர் நமக்காகச் செய்துவிட்டதற்கு, பிறகாவது தருகிறேன் என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது கடனாகும். எழுதாவிட்டால் இல்லை. எழுதச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அவராகவும் கேட்க மாட்டார். எழுதினால், மொத்தக் கடன் நாலு லட்சத்து நாற்பதாயிரமாகும். தவணை ஐம்பத்தைந்து மாதமாக நீளும்.

அப்புறம்தான் கணக்கைக் காட்டினார். நாலு நாற்பதில் முக்கால் மூன்று லட்சத்து முப்பதாயிரம். என் பக்கம் இரண்டு தொண்ணூற்றிரண்டோடு முப்பத்தெட்டு. மூன்று லட்சத்து முப்பதாயிரம். சரியாக முக்கால், ஒரு ரூபாய் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆனால் அவர் வர வேண்டும். அந்த நோட்டோடு வந்து, பெயர் கூப்பிடும்போது ஆஜர் சொல்லி, கை தூக்க வேண்டும்.

கடிதம் எழுதினேன். நேரில் போகவில்லை. எழுத்தில் நான் தெளிவாகச் சொல்லக்கூடியவன், அதனால் எழுதினேன். மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கத்தில் அன்றைய சூழ்நிலை, வேலைநிறுத்தம் உடையும் ஆபத்து, அந்த நேரத்தில் பெயர் படித்தது ஏன் தேவையாக இருந்தது, எல்லாவற்றையும் விளக்கியிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் கடன். வக்கீலம்மா முதல் இரண்டு பக்கத்தையும் மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார். மீதியில் மூன்று வரி விட்டார். 'வேலைநிறுத்தத்தின்போது நான் வாங்கிய அரிசிக் கடனை என் சார்பில் நீங்கள் கட்டித் தீர்த்தீர்கள். அந்த முப்பத்தெட்டாயிரம் ரூபாயை உங்களுக்குத் தர நான் கடமைப்பட்டிருக்கிறேன். இந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வரவும்.' அவ்வளவுதான். ஒரு அடைமொழி இல்லை. என் வாழ்க்கையில் நான் கையெழுத்துப் போட்டதிலேயே மோசமான நடை.

பதிவுத் தபாலில் போயிற்று. ஒப்புகை அட்டை திரும்பி வந்தது, 'வே. அய்யாவு' என்று கோணல் மாணலாகக் கையெழுத்தோடு. வேறு பதில் இல்லை. வருவாரா மாட்டாரா என்று தெரியாமல்தான் காலையில் வந்தேன். வந்தால், எனக்கு முன்னால் வந்து புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்பது மணிக்கே வந்துவிட்டாராம், கேண்டீன்காரர் சொன்னார். ஆமாம், அந்த மஞ்சள் பையில்தான் நோட்டு.

போய்ப் பேசலாமே என்கிறீர்கள். பேசலாம். என்னவென்று ஆரம்பிப்பது? கடன் வாங்கியவனும் கடன் கொடுத்தவரும் ஓட்டுக்கு முன்னால் தனியாகப் பேசுவது முறையில்லை. பொன்னுரங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். சட்டப்படி தடை இல்லை என்று வக்கீலம்மா சொன்னார். ஆனால் எனக்கென்று ஒரு முறை இருக்கிறது.

உங்களுக்குப் பதில், இதோ. அடமானமில்லாத கடனா, பல பேருக்கா, மாதம் கையில் ஏதாவது வருமா, அப்படியானால் போடுங்கள். நோட்டீஸ் உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டுவார்கள், ஊர் படிக்கும். அதைத் தாங்கலாம். தாங்க முடியாதது ஒன்றுதான், பட்டியல் எழுதுவது. உட்கார்ந்து எழுதுங்கள். எழுதி முடித்தபின் இன்னொரு நாள் காத்திருங்கள். விட்டுப்போன ஒருத்தர் வருவார்.

டவாலி வந்துவிட்டார். என் பெயர். ஆஜர்! இருக்கிறேன்! தம்பி, இந்தத் துண்டைக் கொஞ்சம் பிடியுங்கள். நீங்களும் வாசற்படிவரை வாருங்கள், பரவாயில்லை, திறந்த கோர்ட்தான். இனி கடன்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். மூன்று முறை. மூன்றிலும் குரல் வராவிட்டால் ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள்.

கம்பெனிக்காரர் வந்துவிட்டார். கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். பழனிவேல், துரைசாமி. கைமாற்றுக்காரர். பொன்னுரங்கம். பாருங்கள், கார் கதவு எப்படித் திறக்கிறது.

அய்யாவு என்கிறார். இந்த டவாலிக்குக் குரலே இல்லை, தொண்டை கட்டியிருக்கிறதோ என்னவோ. எனக்கே கேட்கவில்லை, வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மரத்தடியில் அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது முறை. கேட்கவில்லை தம்பி, அவருக்கு எங்கே கேட்கும், ரிங் பிரேமில் முப்பது வருஷம். பொன்னுரங்கம் சிரிக்கிறான், பாருங்கள். நீங்கள் ஓடிப் போய்த் தோளைத் தொட்டு... வேண்டாம். நில்லுங்கள். தொட வேண்டியது நீங்கள் இல்லை.

ஐயா டவாலி, ஒரு நிமிஷம். மூன்றாவதை நான் கூப்பிடுகிறேன். எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் கூப்பிட்டேன் என்று. இந்தக் குரல் அவருக்குக் கேட்கும். கடைசியாக இதே குரலில்தான் அவர் தன் பெயரைக் கேட்டார். இதோ நிற்கிறார்களே, பழனிவேல், துரைசாமி, இவர்களும் அன்றைக்குக் கேட்டார்கள்.

வே. அய்யாவு! ரிங் பிரேம் பகுதி! டோக்கன் எண் இருநூற்றுப் பதினான்கு!